அவர்கள் மலையிலிருந்து இறங்கிப் போனார்கள்: வரலாற்றுக் காணொளி செய்யும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் உலக வரலாற்றைக் காணொளிகளாகச் சொல்லிக்கொண்டிருக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம்.

நான் 34 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் வரலாறு சொல்லிக்கொடுத்தவன். இப்போது ஓய்வில் இருக்கிறேன். எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி சென்ற மாதம் கைப்பேசியை எடுத்துவந்து ஒரு காணொளியைக் காட்டினாள். மெக்சிகோவில் காட்டுக்குள் புதைந்துகிடந்த மர்மக் கோட்டையை லேசர் கண்டுபிடித்துவிட்டதாம். அங்கே வாழ்ந்த இனம் சுவடே இல்லாமல் மறைந்துபோனதாம். அந்த நாட்டு அரசன் போன குகை ஒன்று நரபலிக் குகையாம். முகப்புப் படத்தில் கண்ணில் நெருப்போடு ஒரு மண்டையோடு. பார்த்து முடித்துவிட்டு அவள் என்னிடம் கேட்டாள்: "அந்த மக்கள் எல்லாரும் எங்கே போனார்கள், தாத்தா?"

"மலையை விட்டு இறங்கி 20 கிலோமீட்டர் தள்ளிப் போனார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள்" என்றேன். நான் விளையாடுவதாக நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் இந்த மடலை எழுதவைத்தது.

அந்தக் காணொளியைச் செய்தவரை மட்டும் குறைசொல்ல இதை எழுதவில்லை, பெயரும் சொல்லப்போவதில்லை. அவருடைய குரல் நல்ல குரல், தமிழும் தெளிவான தமிழ். பாடப்புத்தகம் தொடாத இடங்களுக்கெல்லாம் பிள்ளைகளை அழைத்துப்போவது இன்று நீங்கள்தான். நான் வகுப்பில் இருந்த காலம் முழுவதும் அமெரிக்கக் கண்டத்தின் பழைய நாகரிகங்கள் என்றால் மாயா, அஸ்டெக், இன்கா என்ற மூன்று பெயர்களோடு நிறுத்திக்கொண்டேன். அந்தக் காணொளியில் வரும் மக்களின் பெயரான சபோடெக் என்பதை ஒருநாளும் கரும்பலகையில் எழுதியதில்லை. நான் எழுதாமல் விட்டதை நீங்கள் சொல்கிறீர்கள். அதனால்தான் நீங்கள் சொல்வது சரியாக இருக்கவேண்டும் என்று இவ்வளவு கவலைப்படுகிறேன்.

அந்த மலையின் பெயர் கியெங்கோலா. மெக்சிகோவின் தென்பகுதியில், வஹாக்கா மாநிலத்தில், தெஹுவாந்தெபெக் என்ற ஊருக்கு அருகே இருக்கிறது. சபோடெக் மொழியில் 'கியெ' என்றால் கல், 'ங்கோலா' என்றால் பெரியது. பெருங்கல். பெயரைச் சொல்லும்போதே அங்கே ஒரு மொழி பேசப்படுகிறது என்று தெரியவேண்டும். உங்கள் காணொளிகளில் பெயர் வருகிறது, பொருள் வருவதில்லை.

முதலில் "லேசர் கண்டுபிடித்தது" என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். 1674இல் வெளிவந்த தன் நூலில் பிரான்சிஸ்கோ தெ புர்கோவா என்ற தொமினிக்கன் துறவி இந்த மலையையும் இங்கே நடந்த முற்றுகையையும் பற்றி எழுதியிருக்கிறார். ஜெர்மானிய அறிஞர் எட்வர்ட் செலர் 1896இல் இதன் இடிபாடுகளைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். டேவிட் பீட்டர்சன், தாமஸ் மக்டூகல் என்ற இருவர் 1974இல் இந்த அரண் சூழ்ந்த மலையைப் பற்றித் தனி ஆய்வேடே கொண்டுவந்தார்கள். இவர்கள் எல்லாரையும் மேலே அழைத்துப்போனவர்கள் வழி தெரிந்த உள்ளூர்க்காரர்கள். அவர்களுக்கு அது ஒருநாளும் தொலையவில்லை.

லைடார் என்ற அந்த லேசர் அளவீடு செய்த வேலை வேறு, அதுவும் பெரிய வேலைதான். 2022இல் விமானத்திலிருந்து லேசர் துடிப்புகளைக் கீழே செலுத்தினார்கள். பெரும்பாலானவை இலைகளில் பட்டுத் திரும்பிவிடும். இலைகளுக்கு நடுவே இருக்கும் சிறுசிறு சந்துகளில் நுழைந்து தரையைத் தொட்டுத் திரும்புபவையும் உண்டு. ஒவ்வொன்றும் திரும்பி வர எடுத்த நேரத்தைக் கணக்கிட்டால் மரங்களை நீக்கிவிட்டுத் தரையை மட்டும் வரைந்துவிடலாம். அப்படி வரைந்தபோது, சில கோயில் மேடைகளும் மதில்களும் கொண்ட படைவீடு என்று பலரும் எண்ணியிருந்த இடம் 360 ஹெக்டேர், நம் கணக்கில் ஏறத்தாழ 890 ஏக்கர், பரப்புள்ள நகரமாக விரிந்தது. 1,100க்கும் மேற்பட்ட கட்டடங்கள், 4 கிலோமீட்டர் நீள மதில்கள், உள்ளே தெருக்கள், கோயில்கள், பந்தாட்டக் களங்கள். பெரியவர்கள் குடியிருந்த பகுதி ஒருபுறம், எளியவர்கள் குடியிருந்த பகுதி ஒருபுறம்.

இந்த ஆய்வை நடத்தியவர் பெட்ரோ கியெர்மோ ராமோன் செலிஸ். கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய தொல்லியலாளர். உங்களில் யாரும் சொல்லாத ஒரு செய்தி அவரைப் பற்றி உண்டு. அவருடைய தாய்வழிக் குடும்பம் தெஹுவாந்தெபெக் பகுதியைச் சேர்ந்தது. சிறுவனாக இருந்தபோது வீட்டுப் பெரியவர்கள் இந்த மலையைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறார். தொல்லியலைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அம்மா வீட்டில் கேட்ட கதையின் மலைக்குப் படித்துவிட்டுத் திரும்பிப்போய் அதை முழுதாக அளந்தவர் அவர். இந்தக் கதையை விட்டுவிட்டு "லேசர் கண்டுபிடித்தது" என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனம் வருகிறது?

கட்டடங்கள் ஏன் இவ்வளவு நன்றாக நிற்கின்றன என்று பேத்தி கேட்டாள். இந்த நகரம் கைவிடப்பட்டு 500 ஆண்டுகளுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. காட்டுக்குள் நடந்தால் வீடுகளின் வாசலும் நடைவழியும், பக்கத்து வீட்டைப் பிரிக்கும் சுவரும்கூடத் தெரிகின்றன என்கிறார் ராமோன் செலிஸ். சபோடெக் மக்களின் புகழ்பெற்ற பழைய தலைநகரான மொந்தே அல்பான் கி.மு. 500 அளவில் எழுந்து கி.பி. 800களில் ஒடுங்கியது. அதற்கும் ஐந்து நூற்றாண்டு கழித்து எழுந்தது கியெங்கோலா. மொந்தே அல்பானோடு சபோடெக் கதை முடிந்தது என்று சொல்லும் காணொளிகள் இந்த ஒரு மலையாலேயே பொய்யாகின்றன.

இனி அந்த முற்றுகை. இதைச் சொல்ல எனக்கு ஆசை அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெஹுவாந்தெபெக் நிலம் மெக்சிகோவின் இடுப்பு. இரண்டு பெருங்கடல்களுக்கும் நடுவே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் அகலம்தான். வடக்கே அஸ்டெக் தலைநகர் தெனோச்தித்லானிலிருந்து அஸ்டெக் வணிகர்கள் கிழக்கே சொகோனுஸ்கோவுக்குப் போகவேண்டுமானால் இதன் வழியாகத்தான் போகவேண்டும். அங்கே விளைந்தது கக்காவோ. இன்று நாம் சாக்லேட் செய்யும் கொட்டை, அன்று பணமாகவே செல்லுபடியானது. வழியை வைத்திருப்பவன் வணிகத்தை வைத்திருக்கிறான். 1486 முதல் 1502 வரை ஆண்ட அஸ்டெக் பேரரசன் அஹுயிட்சோட்ல் அந்த வழியைக் கேட்டுப் படையோடு வந்தான். சபோடெக் அரசன் கோசிஹோயேசா மறித்து நின்ற இடம் கியெங்கோலா. ஆண்டு 1497 அளவில் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

ஏழு மாதம் முற்றுகை நடந்தது என்கிறார் புர்கோவா. மலைமேல் உணவைச் சேர்த்துவைத்தார்கள், தண்ணீரைத் தேக்கினார்கள். அரண்மனைப் பகுதியில் செயற்கைக் குளங்களின் எச்சங்கள் இன்றும் இருக்கின்றன. இரவில் இறங்கித் தாக்கிவிட்டு மேலே ஏறிக்கொண்டார்கள். கீழே இருந்த அஸ்டெக் படைக்குப் பழக்கமில்லாத வெப்பம், நோய், மேலிருந்து வரும் அம்பு. தெனோச்தித்லானிலிருந்து மேலும் மேலும் ஆள் வந்தும் மலை விழவில்லை.

சபோடெக் படை தனியாக நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக அவர்களோடு சண்டையிட்டவர்களான மிஷ்டெக் மக்கள் இந்தப் போரில் துணைக்கு வந்தார்கள். போருக்குப் பின் அவர்களில் சிலர் அங்கேயே தங்கினார்கள். தெஹுவாந்தெபெக்குக்குப் பக்கத்தில் இப்போதும் இருக்கும் ஓர் ஊரின் பெயர் மிஷ்டெக்கீயா. ஏழு மாதப் போரின் நினைவு அந்த ஊர்ப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மண்டையோட்டுக்குப் பதிலாக அந்த ஊரின் பெயர்ப்பலகையை முகப்பில் போட்டால் என்ன?

கடைசியில் அஹுயிட்சோட்ல் சமாதானம் கேட்டான். தன் மகள் கொயோலிகாட்சினைக் கோசிஹோயேசாவுக்கு மணம்முடித்துக் கொடுத்தான். சபோடெக் மக்கள் அவளுக்குப் பெலாஷீயா என்று பெயரிட்டார்கள், பஞ்சுப்பொதி என்ற பொருளில். பிறகு தந்தையிடமிருந்து அவளிடம் ஆள் வந்தது: கணவனின் கோட்டை இரகசியங்களைச் சொல், அம்பில் தடவும் நஞ்சு எது என்று சொல். அவள் கணவனிடம் போய் அதைச் சொல்லிவிட்டாள். புர்கோவா எழுதிய இந்தப் பகுதியில் வரலாறு எது, பின்னால் சேர்ந்த கதை எது என்று பிரிப்பது கடினம். ஆனால் தெஹுவாந்தெபெக் மக்கள் இதைத் தங்கள் கதையாகவே சொல்லிக்கொள்கிறார்கள். பேத்திக்கு முற்றுகையைவிட இதுதான் பிடித்திருந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். சபோடெக் மக்கள் அந்த நிலத்தில் தொன்றுதொட்டு இருந்தவர்கள் அல்லர். வஹாக்கா பள்ளத்தாக்கிலிருந்து வந்து, முன்பே அங்கிருந்த இகூட்ஸ் மக்களையும் சோக்கே மக்களையும் ஒதுக்கித்தான் இடம்பிடித்தார்கள். கியெங்கோலா அஸ்டெக் படையைத் தடுத்த அரண். அதற்கு முன் இன்னொருவர் மண்ணில் ஊன்றிய எல்லைக்கல். ஒரு பக்கத்தை வீரர்களாகவும் மறுபக்கத்தைக் கொடியவர்களாகவும் காட்டும் உங்கள் வழக்கத்துக்கு இந்த மலை ஒத்துவராது.

இப்போது பேத்தியின் கேள்வி. எங்கே போனார்கள்? போர் முடிந்து, ஸ்பானியர் வருவதற்குச் சற்று முன்பு, அவர்கள் மலையிலிருந்து இறங்கி ஆற்றங்கரையில் இருந்த தெஹுவாந்தெபெக்குக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே கோசிஹோயேசாவுக்கும் பஞ்சுப்பொதிக்கும் பிறந்த மகன் கோசிஹோப்பீ அரசனானான். ஸ்பானியர் வந்த பிறகும் அந்த மக்கள் அங்கேயே இருந்தார்கள். 1660 மார்ச்சில், அளவுக்கு மீறி நெசவுத் துணி கேட்டு வதைத்த ஸ்பானிய ஆட்சியாளனை அந்த ஊரார் கல்லால் அடித்துக் கொன்று, தங்கள் ஆட்சியைத் தாங்களே ஏறத்தாழ ஓராண்டு நடத்தினார்கள். அந்தக் கிளர்ச்சியில் பெண்கள் முன்னால் நின்றார்கள். 19ஆம் நூற்றாண்டில் மெக்சிகோவின் குடியரசுத் தலைவரான பெனித்தோ ஹுவாரெஸ், வஹாக்காவின் மலைக் கிராமம் ஒன்றில் 1806இல் பிறந்த சபோடெக் பிள்ளை; ஏறத்தாழ 12 வயதுவரை ஸ்பானிய மொழியே தெரியாது. இன்று சபோடெக் மொழிகளைப் பேசுவோர் மெக்சிகோவில் நான்கு லட்சத்துக்கும் மேல். சந்தையில் விலை பேசுகிறார்கள், கவிதை எழுதுகிறார்கள், பிள்ளைகளைத் திட்டுகிறார்கள், எல்லாம் அந்த மொழியில். இவர்களைத்தான் சுவடே இல்லாமல் மறைந்துபோன இனம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்கிறீர்கள்.

'சபோடெக்' என்பதே அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இல்லை. அஸ்டெக் மக்களின் நவாட்ல் மொழியில் 'ட்சபோட்ல்' என்பது ஒரு பழம். அந்தப் பழமரங்கள் நிறைந்த ஊர்க்காரர்கள் என்று எதிரி வைத்த பெயர் அது. அதே சொல் ஸ்பானியர் வாய்வழியாகக் கடல்தாண்டி நம்மிடம் வந்து சப்போட்டா ஆயிற்று. எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு சப்போட்டா மரம் நிற்கிறது. பேத்தி அதைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். தெஹுவாந்தெபெக் பக்கத்துச் சபோடெக் மக்கள் தங்களைப் 'பின்னிசா' என்று சொல்லிக்கொள்கிறார்கள். 'பின்னி' மக்கள், 'சா' மேகம். மேகத்தின் மக்கள்.

குகைக்கு வருகிறேன். எனக்கு மிகவும் வலித்தது அந்தப் பகுதிதான்.

தெஹுவாந்தெபெக்குக்குக் கிழக்கே கடலை ஒட்டி விரிந்த காயல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றின் நடுவே மொனாபோஸ்தியாக் என்ற மலைத்தீவு. அங்கே ஒரு குகையில் 'நாட்டின் இதயம்' என்ற தெய்வம் இருந்ததாகவும், கோசிஹோப்பீ அங்கே போய் வணங்கி, வரப்போவதைக் கேட்டு அறிந்ததாகவும் புர்கோவா எழுதுகிறார். நிலத்தைத் தோளில் தாங்கிக்கொண்டிருப்பது அந்தத் தெய்வம். அது தோளை அசைத்தால் நிலம் நடுங்கும். இதுதான் அந்த மக்களின் நம்பிக்கை.

2017 செப்டம்பர் 7ஆம் நாள் நள்ளிரவுக்குச் சற்று முன்னால் அந்தக் கடற்கரையை 8.2 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. ஹுச்சித்தான் நகரம் இடிந்தது. ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். நிலம் அடிக்கடி நடுங்கும் ஊரில் வாழ்பவர்கள், தங்கள் காலடியில் இருப்பதைத் தாங்கிப்பிடிக்கும் ஒருவரை எண்ணி, அவரிடம் போய்த் தலைவணங்கி நின்ற இடம் அந்தக் குகை. அதை நரபலிக் குகை என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிட்டீர்கள். அந்த நாகரிகங்களில் நரபலியே இல்லை என்று நான் வாதாட வரவில்லை, இருந்தது. முற்றுகையைப் பற்றிய புர்கோவாவின் பக்கங்களிலும் எலும்பும் இரத்தமும் உண்டு. ஆனால் இந்தக் குகையைப் பற்றிச் சொல்லவேண்டிய முதல் செய்தி அது இல்லை.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். இதையெல்லாம் எழுதிவைத்த புர்கோவா அந்த வழிபாட்டைப் பேயின் வேலை என்று நம்பிய துறவி. அந்தக் குகையில் இருந்ததை அழித்ததும் அவருடைய சபையைச் சேர்ந்தவர்களே. அழித்தவர்கள் தரப்பு எழுத்துதான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் படிக்கலாம், படிக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் அவர்களுடைய அருவருப்பையும் சேர்த்து நாம் ஏன் தமிழாக்க வேண்டும்?

கோசிஹோப்பீயின் முடிவைச் சொன்னால் அந்த வேறுபாடு விளங்கும். அவன் ஞானஸ்நானம் பெற்றான். ஹுவான் கோர்த்தெஸ் என்று புதுப்பெயர் பெற்றான். தெஹுவாந்தெபெக்கில் தொமினிக்கன் துறவிகளின் மடம் எழும்பப் பொருள் கொடுத்தான். பிறகு இரவுகளில் தன் வீட்டில் பழைய பூசாரிகளோடு பழைய தெய்வங்களை வணங்கியது வெளிப்பட்டது. 1560களில் விசாரணை நடந்தது, அதிகாரம் பறிபோனது. மெக்சிகோ நகரத்துக்குப் போய் முறையிட்டுவிட்டுத் திரும்பும் வழியில் இறந்துபோனான். அவன் பெயரிலும் அவன் தந்தை பெயரிலும் முதலில் வரும் 'கோசிஹோ' என்பது மின்னலும் மழையுமான சபோடெக் தெய்வத்தின் பெயர். ஒரு பக்கம் மடத்துக்குப் பொருள் கொடுத்துக்கொண்டு மறுபக்கம் இருட்டில் மழைத் தெய்வத்தைக் கும்பிட்ட அந்த மனிதனை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. அவன் கட்ட உதவிய மடம் இன்று அவன் பெயராலேயே அந்த ஊரின் பண்பாட்டு இல்லமாக நடக்கிறது. பத்து நிமிடக் காணொளியில் இதற்கு ஒரு நிமிடம் கிடைக்காதா?

அந்தத் தீவும் பாழடைந்து கிடக்கவில்லை. மொனாபோஸ்தியாக் இன்று இகூட்ஸ் மக்களின் புனித இடம். சபோடெக் அரசர்களுக்கு முன்னாலும் அந்தக் காயல் அவர்களுடையதுதான், அவர்கள் மீனவர்கள். 2012 வாக்கில் அந்தக் காயலின் மணல்திட்டில் 132 காற்றாலைகள் நிறுத்த ஒரு திட்டம் வந்தது. இகூட்ஸ் மக்களும் பக்கத்துச் சபோடெக் மக்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். மீன் போய்விடும், புனித இடம் கெட்டுவிடும் என்றார்கள். அங்கே அந்தத் திட்டம் நடக்கவில்லை. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் இன்னொருவரை ஒதுக்கிய இரண்டு மக்கள் அந்தத் தீவுக்காக ஒரே பக்கம் நின்றார்கள். உங்களுக்கு விறுவிறுப்புதான் வேண்டுமென்றால் இதைவிட வேறென்ன வேண்டும்?

மித்லாவைப் பற்றியும் ஒரு சொல். அதையும் உங்களில் பலர் தொட்டிருக்கிறீர்கள். வஹாக்கா பள்ளத்தாக்கில் இருக்கும் அந்த ஊரின் சபோடெக் பெயர் லியோபா, இளைப்பாறும் இடம். இறந்தவர்கள் இளைப்பாறும் இடம். அங்கே பழைய அரண்மனைத் தொகுதியின் மேல் ஸ்பானியர் கட்டிய புனித பவுல் தேவாலயத்துக்கு அடியில் பெரிய வெற்றிடம் இருப்பதைத் தோண்டாமலேயே, ரேடார், மின்தடை, நில அதிர்வு முறைகளால் ஆய்வாளர்கள் கண்டார்கள். 2023இல் செய்தி வெளியானது. உடனே "பாதாள வாசல் திறந்தது" என்று உலகமெங்கும் தலைப்பு. எந்த வாசலும் திறக்கவில்லை. அந்தத் தேவாலயத்தில் ஞாயிறுதோறும் ஊர் கூடுகிறது. இறந்தவர்கள் இளைப்பாறும் இடத்தின் மேல் உயிரோடு இருப்பவர்கள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆங்கிலத் தலைப்பை அப்படியே தமிழில் எடுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை இதை நினைத்துப் பார்த்திருக்கலாம்.

பார்வையாளர் எண்ணிக்கை உங்கள் பிழைப்பு என்று எனக்குத் தெரியும். மர்மம் என்று போட்டால் பத்துப் பேர் கூடுதலாகப் பார்ப்பார்கள். ஆனால் ஏழு மாத முற்றுகை, தந்தையா கணவனா என்று நின்ற அரசகுமாரி, இருட்டில் கும்பிட்ட அரசன், நிலத்தைத் தோளில் சுமக்கும் தெய்வம் எல்லாம் கையில் இருக்கும்போது மர்மத்துக்கு என்ன தேவை? எங்கள் வகுப்பில் கடைசி வரிசைப் பையன்கள் எந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள் என்று 34 ஆண்டு பார்த்தவன் சொல்கிறேன். "யாருக்கும் தெரியாது" என்ற இடத்தில் அவர்கள் நிமிர்ந்ததில்லை. "அப்புறம் என்ன செய்தான் தெரியுமா?" என்ற இடத்தில்தான் நிமிர்ந்தார்கள்.

ஆகவே கேட்டுக்கொள்கிறேன். கியெங்கோலாவைத் தொலைந்த நகரம் என்று சொல்லாதீர்கள். பின்னிசா என்ற பெயரை ஒருமுறையாவது ஒலியுங்கள். அந்த மலையில் ஏறி அளந்தவரின் பெயரையும் அவருடைய அம்மாவின் ஊரையும் சொல்லுங்கள். குகையைப் பற்றிப் பேசும்போது உடுக்கையொலி வேண்டாம். அது ஒரு மக்களின் கோயில். ஏற்கெனவே வெளியிட்ட காணொளிகளை நீக்கச் சொல்லவில்லை. கீழே ஒரு திருத்தம் எழுதி, முதலில் தெரியும்படி நிறுத்திவைத்தால் போதும். "மறைந்துபோன இனம்" என்ற இடத்தில் "இன்றும் வாழும் இனம்" என்று ஒரு வரி.

மெக்சிகோவைப் பற்றி அடுத்த காணொளி செய்யும்போது எழுத்துப்படியை எனக்கு அனுப்பினால் படித்துத் திருத்தித் தருகிறேன். பணம் எதுவும் வேண்டாம், பெயரும் போடவேண்டாம். பகலெல்லாம் எனக்கு நேரம் இருக்கிறது. மாலையில் பேத்தி பள்ளிவிட்டு வந்ததும் அவளும் ஒருமுறை படிப்பாள். எங்கே போனார்கள் என்று அவள் திரும்பவும் கேட்டால், அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு உங்களுக்கு அனுப்பிவைக்கிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர் ஒருவர்